மூன்று சுற்றுக்குப் பிறகு முரண்டு பிடித்த பாய்

"விபத்துன்னு எவனாவது சொன்னா அவன் வாயில உப்புத் தண்ணிய ஊத்துவேன். இது சதி," என்றார் மைக்கன்.

ஆல்வர் சதியைப் பார்த்தான். பாய்மரத்தின் உச்சியிலிருந்து படகின் முன்முனையான அணியம் வரை சாய்வாக இறங்கும் முன்கம்பியில், பாதி சுருண்டும் பாதி தொங்கியும், அது காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. வெள்ளைத் துணி, ஓரத்தில் நீலப் பட்டை. தூங்கி எழுந்தவன் அரைகுறையாக உதறிவிட்டுப் போன போர்வைபோல் இருந்தது. சதிக்குரிய முகக்களை எதுவும் அதில் இல்லை.

"பிணத்தை யாரும் தொடலையே?" என்று கேட்டான்.

"ஆல்வர்," என்றார் ஹெட்விக்.

அந்த ஒரு சொல்லில் "வாயை மூடு", "வேலையைப் பார்", "அந்த இலவங்கப்பட்டை பன்னை இங்கே நகர்த்து" என்ற மூன்று உத்தரவுகளும் இருந்தன. ஆல்வர் பன்னை நகர்த்தினான்.

துப்பறியும் ஹெட்விக் படகில் ஏறியிருக்கவில்லை. ஷேர்விக் படகுத்துறையின் மரப்பாலத்தில், ஆரஞ்சு நிற மிதவை அங்கியை மூன்று வாரும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாலத்துக்குக் கீழே தண்ணீர் முழங்கால் ஆழம். கோதன்பர்க் நகரத்தில் அவருக்கு நல்ல பெயர் உண்டு. அடுக்குமாடிப் பொதுச் சலவையறையில் அடுத்தவருக்கு ஒதுக்கிய நேரத்தில் துவைத்துக்கொண்டிருந்த மர்ம மனிதரைப் பிடித்தவர் அவர்தான். இந்த நாட்டில் குற்றத்துக்கு அப்படியொரு பஞ்சம். அவருடைய உதவியாளனாகச் சேரும்போது ஆல்வர் துப்பாக்கியெல்லாம் எதிர்பார்த்தான். இதுவரை கிடைத்தது கார்ச் சாவி.

"மொதல்ல இருந்து சொல்லுங்க," என்றார் ஹெட்விக்.

மைக்கன் தன் படகின் பின்தட்டில் உட்கார்ந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டார். உட்கார்ந்துகொண்டே இடுப்பில் கைவைத்து மிரட்டக்கூடிய சிலரில் அவர் ஒருவர். வயது அறுபத்தெட்டு. கணவர் போனபிறகும் 'டேர்னா' என்ற இந்தப் படகைத் தனியாளாக ஓட்டிக்கொண்டிருப்பவர்.

"இந்த வெள்ளைத் துணிதான் முன்பாய். காத்து ஏறினா பின்னாடி உக்காந்துகிட்டே இந்தக் கயித்த இழுப்பேன். முன்னால இருக்குற உருளை சுத்தும், பாய் தானா சுருண்டுக்கும். அவ்வளவுதான் வேலை. போன வருஷம் வரைக்கும் ஒரு கையில காபி, ஒரு கையில கயிறு. இந்த வருஷம் ரெண்டு கையும், ஒரு காலும், கடவுளும் சேர்ந்து இழுத்தாலும் வர மாட்டேங்குது. ஜூன் மாசம் பாறைத்தீவுக்கு வெளிய காத்துல மாட்டிக்கிட்டேன். மீட்புப் படகு வந்து கட்டி இழுத்துட்டு வந்தாங்க. ஊரே பாலத்துல நின்னு பார்த்துச்சு."

"யாராவது சிரிச்சாங்களா?"

"இங்க யாரு சிரிப்பா? தலைய ஆட்டினாங்க. சிரிச்சிருந்தா அடிச்சிருக்கலாம்."

"அப்புறம்?"

"அப்புறம் என் மக உல்ரீகா வந்தா. 'அம்மா, பாய்ல ஒண்ணுமில்ல, உங்க கைக்கு வயசாயிடுச்சு, ஞாபகமும் முன்ன மாதிரி இல்ல, படகை வித்துடலாம்'னா. கோதன்பர்க்ல ஒரு பல் டாக்டரையும் பிடிச்சு வெச்சிருக்கா. இன்னிக்கு மத்தியானம் அவரோட வர்றா. அவ முன்னாடி நான் ஒத்தையா இந்தப் பாயைச் சுருட்டிக் காட்டணும். காட்டிட்டா படகு எனக்கு. இல்லன்னா பல்லு பிடுங்குறவருக்கு." மைக்கன் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கியது. "எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும் ஹெட்விக். கெட்டுப்போனது கயிறா, கையா?"

ஆல்வர் இதற்கு ஒரு ஜோக் தயாராக வைத்திருந்தான். அதைச் சொல்லாமல் விழுங்கினான். அவன் வாழ்க்கையில் இது அடிக்கடி நடப்பதில்லை.

"ஆல்வர், கயித்த இழு," என்றார் ஹெட்விக்.

"நானா? பாஸ், நான் தத்துவம் படிச்சவன்."

"முடிக்கலையே. இழு."

இழுத்தான். கயிறு வெண்ணெயாக வந்தது. முன்னால் உருளை ஒரு சுற்று சுற்றியது, இரண்டு, மூன்று. "என்ன மைக்கன், குழந்தைகூட..." என்று தொடங்கியவனின் மூக்கு முன்னோக்கிப் போய்க் கைப்பிடிக் கம்பியில் முட்டியது. கயிறு நின்றுவிட்டது. மறுமுனையில் யாரோ மாட்டைக் கட்டிவிட்டதுபோல.

"அந்த வின்ச்சுல சுத்தி இழுக்கவா? பல்சக்கரம், கைப்பிடி எல்லாம் இருக்கு."

"தொடாதே. வராததை வின்ச்சுல போட்டு இழுத்தா, மேல எதாவது பிச்சுக்கிட்டு உன் தலையில வந்து விழும். தலையப் பத்திக் கவலையில்ல, சாட்சியம் போயிடும். பின்னால விட்டுட்டு மறுபடி இழு."

விட்டான், இழுத்தான். மூன்று சுற்று வெண்ணெய். பிறகு மாடு. மறுபடியும் மூன்று சுற்று. மறுபடியும் மாடு.

ஹெட்விக் பன்னில் ஒரு கடி கடித்துக் கண்ணை மூடினார். அவருடைய மூளை வேலை செய்வதற்கு இலவங்கப்பட்டை தேவை.

"உங்க கைக்கு ஒண்ணுமில்ல மைக்கன்," என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"வயசான கை கொஞ்சம் கொஞ்சமாத் தோக்கும். மொதல் சுத்துலயே வலிக்கும், அடுத்த சுத்துல இன்னும் வலிக்கும். இது மூணு சுத்து வரைக்கும் சமாதானமா வந்துட்டு, அதுக்கப்புறம் ஒரே இடத்துல சண்டைக்கு நிக்குது. கை அப்படிச் செய்யாது."

"உருளையில உப்பு அடைச்சிருந்தா?" என்றான் ஆல்வர்.

"உப்புன்னா மொதல்ல இருந்தே கரகரன்னு இருக்கணுமே. இது பழுதாத் தெரியல. எங்கேயோ ஒண்ணு எதையோ பிடிக்குது. முன்னால போய் உருளையப் பாரு. படுத்துப் பாரு."

ஆல்வர் அணியத்தில் குப்புறப் படுத்தான். கீழே கடல், மூக்குக்கு முன்னால் உருளை. அதைச் சுற்றி ஒரு தகட்டுக் கூண்டு. கயிறு உள்ளே போவதற்குக் கூண்டில் ஒரு வாய்.

"பாஸ், இந்தத் தகட்டு வாயோட இடப்பக்க ஓரம் வழவழன்னு தேஞ்சு, பள்ளமே விழுந்திருக்கு. பல வருஷத் தேய்மானம்."

"கயிறு?"

"கயிறு வலப்பக்கமா வருது. அந்தப் பக்கத் தகடு புதுசா இருக்கு, அதுல உரசிக் கயித்துல பஞ்சு பஞ்சா நூல் பிரிஞ்சிருக்கு." ஆல்வர் எழுந்து உட்கார்ந்தான். அவனுக்கே சிலிர்த்தது. "யாரோ மொத்தக் கயித்தையும் அவிழ்த்து, உருளையில எதிர்ப்பக்கமா சுத்தி விட்டிருக்காங்க!"

கடற்காகம் ஒன்று எதையோ ஆட்சேபித்தது.

"இன்னொரு பன் வேணுமா?" என்றார் மைக்கன், வேகமாக.

ஹெட்விக் பன்னை வாங்கிக்கொண்டார். மைக்கனின் முகத்தையும் ஒரு நொடி கூடுதலாகப் பார்த்துக்கொண்டார். ஆல்வர் அதைக் கவனித்தான். ஆனால் ஏன் என்று புரியவில்லை. அது வழக்கம்தான்.

"சந்தேகம் யார் மேல?"

மைக்கன் கட்டைவிரலை மட்டும் தோளுக்குப் பின்னால் காட்டினார்.

பக்கத்துக் கட்டுத்துறையில் அதே அச்சில் வார்த்த இன்னொரு படகு, பெயர் 'பெட்ரா'. அதன் மேல்தட்டில் எழுபதைத் தாண்டிய ஒருவர் ஏணியில் நின்று, சிரிக்கும் நிலாமுகம் வரைந்த காகித விளக்குகளைக் கொடியில் கோத்துக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் மாதம், சாயங்காலம் படகுக்குழாமின் சிங்கிறால் விருந்து. அளவு சரியா என்று பார்ப்பதற்காக விருந்துத் தொப்பியையும் போட்டிருந்தார். கூம்பு வடிவம், தாடைக்கு ரப்பர் வார், உச்சியில் சிவப்பு இறால் படம்.

"சிக்ஸ்டன்," என்று பல்லைக் கடித்தார் மைக்கன். "என் எடம் பாலத்தோட கடைசி எடம். சாயங்கால வெயில் அப்படியே மடியில விழும். இங்க எடத்துக்கு எவ்வளவு வரிசைன்னு தெரியும்ல? பிள்ளை பொறந்தா மொதல்ல வரிசையில பேர் எழுதிட்டு அப்புறம்தான் பேரு வைக்கிறாங்க. நான் படகை வித்தா அடுத்தது இவன்தான். இன்னொண்ணு கேளுங்க. மே மாசம் ஒருநாள் விடியக்காலைல வந்தேன். இவன் என் படகுல, என் உருளைக்கு முன்னாடி மண்டி போட்டிருந்தான்! என்னப் பார்த்ததும் 'காலை வணக்கம், நல்ல வெயில்'னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டான். அன்னிக்கு மழை."

"ஏன் அப்பவே கேக்கல?"

மைக்கனும் ஹெட்விக்கும் ஆல்வரைப் பார்த்த பார்வையில், கடைத்தெருவில் உடுப்பைக் கழற்றியவன்போல் அவன் கூசிப்போனான். பக்கத்துக்காரரிடம் நேருக்கு நேர் கேட்பதா? ஷேர்விக்கிலா?

"சிக்ஸ்டன்! கொஞ்சம் வர முடியுமா?" என்று ஹெட்விக் கூப்பிட்டார்.

சிக்ஸ்டன் வந்தார். தொப்பியைக் கழற்ற மறந்து வந்தார். சந்தேகத்துக்குரிய நபரை உச்சியில் இறால் ஆடும் தொப்பியோடு விசாரிப்பது எப்படி என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை.

"மே மாசம் இவங்க படகுல என்ன செஞ்சீங்க?"

"நானா? இந்தப் படகுலயா? மே மாசமா?" சிக்ஸ்டனின் காதுகள் தொப்பியிலிருந்த இறாலின் நிறத்துக்கு வந்தன. "ஒரு... ஒரு வாத்து உக்காந்திருந்துச்சு."

"வாத்து."

"அடிபட்ட வாத்து."

"பொய் சொல்றவங்க எல்லாம் ஏன் பாஸ் பறவையத் துணைக்குக் கூப்பிடுறாங்க?" என்றான் ஆல்வர்.

ஹெட்விக் தலையை நிமிர்த்திப் பாய்மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் தலையை இறக்கி ஆல்வரைப் பார்த்தார்.

"கீழ மூணு சுத்து சுதந்திரமா சுத்துதுன்னா, பிடிக்கிறது மேலதான் இருக்கணும். யாராவது ஏறிப் பாக்கணும்," என்றார் ஹெட்விக்.

"யாராவதுன்னா?"

"மைக்கனுக்கு அறுபத்தெட்டு. சிக்ஸ்டனுக்கு எழுபத்தொண்ணு. எனக்குத் தண்ணி ஆகாது."

"மேல தண்ணி இல்ல பாஸ், காத்துதான் இருக்கு."

"அதுவும் ஆகாது."

கயிறு கட்டிய பலகை ஊஞ்சல் ஒன்றில் ஆல்வரை உட்காரவைத்தார்கள். பெரிய பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிற்றை அதில் மாட்டினார்கள். கயிறு பாய்மர உச்சிக்குப் போய்த் திரும்பிக் கீழே வின்ச்சுக்கு வந்தது. கைப்பிடியைச் சுற்ற வேண்டியதுதான்.

"யாரு சுத்துறது?" என்று கேட்டான் ஆல்வர்.

"நான்தான்," என்றார் சிக்ஸ்டன், தொப்பி வாரை இறுக்கியபடி.

"பாஸ்! இவர்தான் குற்றவாளின்னா?"

"அப்படின்னா உன்ன விட்டுடுவாரு, நீ விழுவ, கேஸ் முடிஞ்சுது. நல்ல சோதனை."

ஆல்வர் மேலே போனான். பாதி வழியில் கண்ணை மூடினான். மூடியதும் ஆட்டம் இரண்டு மடங்கானதால் திறந்துவிட்டான். கீழே பாலம் குச்சியாகவும், ஹெட்விக் ஆரஞ்சுப் புள்ளியாகவும், சிக்ஸ்டன் கூம்பாகவும் தெரிந்தார்கள். உச்சியில் பாய்மரத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டான். இவ்வளவு உறுதியாக அவன் எந்தப் பெண்ணையும் பிடித்ததில்லை. பிடித்திருந்தால் அவர்கள் போயிருக்க மாட்டார்களோ என்னவோ.

"என்ன தெரியுது?" என்றது ஆரஞ்சுப் புள்ளி.

"என் வாழ்க்கையில எடுத்த எல்லா முடிவும் தெரியுது!"

"முன்கம்பியப் பாரு!"

பார்த்தான். முன்கம்பியைச் சுற்றிப் பாயோடு சேர்ந்து சுழலும் குழாய் ஒன்று மேலே வரை வருகிறது. பாயின் தலை, குழாயின் மேல் சுழலும் ஒரு வளையத்தில், சுழலியில், மாட்டியிருக்கிறது. அந்தச் சுழலியை மேலே இழுத்துப் பிடித்திருப்பது முன்பாயின் ஆஞ்சான். எல்லாம் சரி. ஆனால்...

"பாஸ்! பாய் உச்சி வரைக்கும் வரவே இல்ல! என் கை நீளத்துக்கும் மேல குழாய் மொட்டையா நிக்குது. அந்த இடைவெளியில ஆஞ்சான் கயிறு குழாய ஒட்டிக்கிட்டே போகுது. கீழ உருளை சுத்தினதும் கயிறும் சேர்ந்து குழாயச் சுத்திக்கிச்சு. பாம்பு மாதிரி. மூணு சுத்து!"

"கிடைச்சான்!" என்று மைக்கன் கை தட்டினார். யார் கிடைத்தான் என்று அவருக்குத் தெரியவில்லை.

"பக்கத்துப் படகு உச்சியப் பாரு," என்றார் ஹெட்விக்.

"அதை எதுக்கு?"

"பாருடா!"

இரண்டு உச்சிகளும் ஒரே உயரம், பத்தடி தள்ளி. ஆல்வர் திரும்பினான். சிக்ஸ்டனின் 'பெட்ரா'வில் சுழலி உச்சிக் கப்பியில் போய் முட்டி நெருக்கிக்கொண்டு நின்றது. இனி மேலே ஒரு விரல்கூட நகர இடமில்லை. இருந்தும் பாயின் முன்விளிம்பு விறைப்பாக இல்லாமல் சுருக்கம் சுருக்கமாகத் தளர்ந்து கிடந்தது.

"இங்க பாய் போதல. அங்க பாய் மிச்சம்!"

"இறக்குங்க," என்றார் ஹெட்விக். சிக்ஸ்டன் இறக்கினார், ஒரு குலுக்கல்கூட இல்லாமல். பாலத்தில் கால் வைத்ததும் ஆல்வருக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. அப்போதுதான் ஹெட்விக்கின் மடியில் பைனாகுலர் இருந்ததைக் கவனித்தான்.

"பாஸ். அது என்ன?"

"பைனாகுலர்."

"அதுலயே பார்த்திருக்கலாமே!"

"பார்த்தேனே. சரியாத்தான் பார்த்தேனான்னு இன்னொருத்தர் சொன்னாத்தான் நிச்சயம்." நாற்காலியிலிருந்து எழுந்து, சிக்ஸ்டனின் படகு முன்னால் போய்க் குனிந்தார். மிதவை அங்கி அவரை முழுதாகக் குனிய விடவில்லை. பார்க்க வேண்டிய அளவுக்கு விட்டது.

"உங்க உருளைக் கூண்டுல வலப்பக்கம் பள்ளம். கயிறு இடப்பக்கம் வருது. இவங்களோடதுல இடப்பக்கம் பள்ளம், கயிறு வலப்பக்கம். ரெண்டு படகுலயும் இந்த வருஷம்தான் கயித்தத் திருப்பிச் சுத்தியிருக்கு." நிமிர்ந்தார். "சிக்ஸ்டன், உங்க கயித்தத் திருப்பினது யாரு?"

சிக்ஸ்டன் தொப்பியைக் கழற்றினார். இறால் இல்லாமல் அவர் முகம் சட்டென்று வயதானதாகத் தெரிந்தது.

"நான்தான்."

"மைக்கன், உங்களோடத?"

ஆல்வர் சிக்ஸ்டனைப் பார்த்து, "சொல்லிடுங்க, இவங்களோடதையும் நீங்கதானே?" என்றான்.

"இல்ல," என்றார் மைக்கன். "நான்தான்."

ஆல்வர் சிக்ஸ்டன் பக்கம் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டான்.

"வசந்தத்துல பாய மாட்டிச் சுருட்டினேன்," என்றார் மைக்கன், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. "அந்த நீலப் பட்டை இருக்குல்ல, பாய வெயில் தின்னாம இருக்கத் தைக்கிறது. சுருட்டினா அது வெளிப்பக்கம் வரணும். உள்பக்கம் வந்துச்சு. அப்ப நான் கயித்தத் தப்பான பக்கமா சுத்திட்டேன்னு நெனச்சேன். எத்தன வருஷமா சுத்துறேன். கண்ணக் கட்டிக்கிட்டுச் சுத்துவேன். எது வலம் எது எடம்னு மறந்துபோச்சேன்னு... யார்கிட்ட சொல்ல? உல்ரீகாகிட்டயா? மறுநாளே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய், மறதி இருக்கான்னு பாக்கக் கடிகாரம் வரையச் சொல்லுவா. சத்தமில்லாம அவிழ்த்துத் திருப்பிச் சுத்திட்டேன்."

"எனக்கும் பட்டை உள்ள வந்துச்சு," என்றார் சிக்ஸ்டன்.

மைக்கன் திரும்பினார்.

"எனக்கும் மறந்துடுச்சுன்னுதான் நெனச்சேன். அதான் உன் படகுல ஏறி, நீ எப்படிச் சுத்தியிருக்கன்னு பாக்க வந்தேன். உன்னோடதுக்கு நேர் எதிரா என்னோடது இருக்கணும், அது மட்டும் நல்லா ஞாபகம். மண்டி போட்டுப் பார்த்தா, உன்னோடதும் என்னோடது மாதிரியே இருக்கு! அப்பதான், மைக்கன், எனக்கு நெசமாவே பயம் வந்துச்சு. வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் குறுக்கெழுத்துப் போட்டுப் பார்த்துட்டு, அப்புறம் என்னோடதத் திருப்பிச் சுத்தினேன்."

"வாயத் தொறந்து என்னைக் கேட்டிருக்கக் கூடாதா, யோவ்!"

"கேட்டா நீ உல்ரீகாகிட்ட சொல்லுவ. அவ என் பையன்கிட்ட சொல்லுவா. அவன் என் கார்ச் சாவிய வாங்கிடுவான். நீ ஏன் என்னக் கேக்கல?"

இரண்டு பேரும் ஒரு கோடை முழுவதும் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து, தினமும் காலை வணக்கம் சொல்லி, வெயிலைப் பற்றி விரிவாகப் பேசியிருக்கிறார்கள்.

"யாருக்கும் ஒண்ணும் மறக்கல," என்றார் ஹெட்விக். "உங்க ரெண்டு பேர் பாயும் எங்க வாங்கினது?"

"ஒரே பாய்க்கடை, ஒரே வருஷம், ஒரே நீலம்," என்றார் சிக்ஸ்டன். "நான் பட்டைய வலப்பக்கம் தைக்கச் சொன்னேன். அதனால இவ இடப்பக்கம் தைக்கச் சொன்னா."

"அப்ப நாங்க பேசிக்கிறதில்ல," என்று விளக்கினார் மைக்கன்.

"அளவு?"

"என்னோடது கொஞ்சம் குட்டை. நங்கூரத்துக்கு இடம்விட்டு என் உருளைய ஒசத்தி வெச்சிருக்கேன். அதனால பாய் நீளம்..." சிக்ஸ்டன் பாதியில் நிறுத்தினார். தலையை நிமிர்த்தித் தன் பாயின் சுருக்கங்களைப் பார்த்தார். பிறகு மைக்கனின் பாயின் மொட்டை உச்சியைப் பார்த்தார். "அடக் கடவுளே."

"ஆமா. இவங்க படகுல நிக்கிறது உங்க பாய். உங்க படகுல தொங்குறது இவங்க பாய். குட்டைப் பாய் உச்சியத் தொடல, ஆஞ்சான் சுத்திக்கிச்சு. அடுத்தவர் பாய்க்கு ஏத்த மாதிரி ரெண்டு பேரும் உருளையத் திருப்பி, வாய மூடிக்கிட்டீங்க. குளிர்காலத்துல பாய் எங்க இருந்துச்சு?"

"சலவைக்கு," என்றார் சிக்ஸ்டன். "எல்லாரும் அனுப்புவோம். வசந்தத்துல வண்டி வந்து குழாம் வீட்டுல இறக்கிட்டுப் போகும்."

"இன்னும் அரை மணி நேரத்துல என் பொண்ணு வந்துடுவா!" என்று எழுந்தார் மைக்கன். "சிக்ஸ்டன், என் துணிய அவுரு!"

அடுத்து நடந்ததை ஆல்வர் முழுதாக நினைவில் வைத்திருக்கவில்லை, ஏனென்றால் பெரும்பகுதி நேரம் அவன் ஒரு பாய்க்கு அடியில் இருந்தான். சுற்றிய ஆஞ்சானைப் பிரித்தார்கள். இரண்டு பாயையும் முழுதாக விரித்து இறக்கினார்கள். இரண்டு உருளைகளின் கயிற்றையும் அவிழ்த்துப் பழைய பள்ளத்தின் பக்கமாகவே சுற்றினார்கள். "இடப்பக்கம், சொன்னேன்ல!" "எனக்குத் தெரியும்யா, என் படகு!" என்ற சத்தம் மட்டும் துணி வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கோடை முழுவதும் சேமித்த பேச்சை இருவரும் ஒரே மூச்சில் செலவழித்தார்கள். ஹெட்விக் பாலத்தில் கிடந்த, பாய் வைத்திருந்த இரண்டு காலி நீலப் பைகளை மடித்துத் தன் நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

கடைசிக் கயிற்றை மைக்கன் முடிந்தபோது பாலத்தில் காலணிச் சத்தம் கேட்டது.

உல்ரீகாவுக்கு நாற்பத்திரண்டு வயது. நகராட்சியில் திட்டமிடல் பிரிவு. அவளோடு மெலிந்த, மரியாதையான பல் டாக்டர் ஒருவர் வந்தார். படகைப் பார்ப்பதற்கு முன்பே எல்லோருடைய பல்லையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அம்மா, இவ்வளவு பேர் எதுக்கு? வேர்த்திருக்கு பாருங்க. நான் சொன்னேன்ல, கஷ்டப்படாதீங்கன்னு. இழுத்துப் பார்க்கவே வேணாம், நேரா விலை பேசிடலாம்."

"ஒப்பந்தம்னா ஒப்பந்தம்," என்றார் மைக்கன்.

காற்று கொஞ்சம் ஏறியிருந்தது. முன்பாய் விரிந்து, உச்சி வரை விறைத்து, படகையே கட்டிலிருந்து இழுத்தது. சிக்ஸ்டன் இரண்டு கையாலும் தொப்பியைப் பிசைந்துகொண்டிருந்தார். மைக்கன் பின்தட்டில் உட்கார்ந்து, கயிற்றைக் கையில் எடுத்து, ஒருமுறை மூச்சு விட்டார்.

ஒரு சுற்று. இரண்டு. மூன்று.

ஆல்வர் மாட்டுக்காகக் காத்திருந்தான்.

நான்கு. ஐந்து. பிறகு எண்ண முடியவில்லை. கயிறு கைமாறிக் கைமாறி வந்தது, பாய் சரசரவென்று தன்மேல் தானே படுத்துக்கொண்டது. கடைசியில் முன்கம்பியில் மேலிருந்து கீழ்வரை ஒரு நீலக் குச்சி மட்டும் நின்றது. வெள்ளை ஒரு நூல்கூட வெளியே இல்லை. மைக்கன் கயிற்றை முடிந்துவிட்டுத் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். பிறகு அவற்றை யாருக்கும் காட்டாமல் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"என்ன ஒரு சுழற்சி!" என்றார் பல் டாக்டர், உண்மையான ஆசையோடு. "எனக்கு இந்தப் படகு கண்டிப்பா வேணும்."

"எனக்கும்," என்றார் மைக்கன்.

உல்ரீகாவுக்குச் சந்தோஷமா ஏமாற்றமா என்று அவளுக்கே தெரியவில்லை. "சரிம்மா, கை நல்லாத்தான் இருக்கு. ஆனா ஞாபகம்? போன வாரம் என் பொறந்தநாளுக்கு ஒரு போன்கூடப் பண்ணல..."

"உல்ரீகா, ஒரே ஒரு கேள்வி," என்று குறுக்கிட்டார் ஹெட்விக், மிகவும் இனிமையாக. "வசந்தத்துல குழாம் வீட்டுலேர்ந்து பாயை எடுத்துட்டு வந்தது யாரு?"

"நான்தான். அம்மா பாரம் தூக்கக் கூடாதுன்னு நானே லீவு போட்டுட்டு வந்து எடுத்தேன்."

"உங்க அம்மாவோட பைன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ரெண்டு நீலப் பை இருந்துச்சு. ஒண்ணு கதவுப் பக்கத்துல இருந்துச்சு, அதை எடுத்தேன்." அவள் சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஏன்?"

"மிச்சமிருந்த பைய நான் எடுத்தேன்," என்றார் சிக்ஸ்டன் பரிதாபமாக. "ஒண்ணுதானே இருந்துச்சு, பேரு எதுக்குப் பாக்கணும்?"

ஹெட்விக் நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்தார். கோடை முழுவதும் மைக்கனின் படகில் கிடந்த பை. அதைத் தலைகீழாகத் திருப்பி உல்ரீகாவிடம் நீட்டினார். அடிப்பக்கத்தில் முழம் உயர எழுத்தில் கறுப்பு மையால் எழுதியிருந்தது.

"சத்தமாப் படிங்க."

"...சிக்ஸ்டன்," என்று படித்தாள் உல்ரீகா.

பல் டாக்டர் நாகரிகமாகக் கடலைப் பார்த்தார்.

மைக்கன் பாலத்தில் ஏறி வந்தார். அடிக்கப் போகிறார் என்று ஆல்வர் ஒரு அடி பின்வாங்கினான். அவரோ மகளின் கையைப் பிடித்து, ஹெட்விக்கின் மடக்கு நாற்காலியில் மெதுவாக உட்காரவைத்து, தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"பரவால்லம்மா. கண்ணு கொஞ்சம் மங்கியிருக்கும், ஞாபகமும் இப்படி அப்படி இருக்கும். நாப்பத்திரெண்டு வயசுல வர்றதுதான். நாளைக்கு டாக்டரப் பாப்போம், நான் கூட வரேன். பயப்படாத."

பிறகு படகில் இறங்கி, பின்கட்டுக் கயிற்றை அவிழ்த்தார். முன்கட்டு பல் டாக்டரின் காலடியில் இருந்தது.

"அதைக் கொஞ்சம் அவிழ்த்துப் போடுறீங்களா?" என்றார் மைக்கன். வாங்க வந்தவர் குனிந்து, மிகுந்த கவனத்தோடு, ஒரு கடைவாய்ப் பல்லைக் கழற்றுவதுபோல் முடிச்சைக் கழற்றிக் கொடுத்தார்.